சிறிய விமானங்களின் சுக்கான் அமைப்பு: ஆய்வும் பராமரிப்பும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுக்கான் என்று இங்கே சொல்வது, செங்குத்து வாலின் பின்பக்கம் கீலில் தொங்கி இடமும் வலமும் அசையும் பலகையை. ஹேங்கரில் எல்லோரும் ரட்டர் என்பார்கள். கீழே உள்ள பதில்கள் கேபிளால் இயங்கும் ஒற்றை எஞ்சின் விமானங்களுக்கானவை: செஸ்னா 150, 152, 172, பைப்பர் பிஏ-28 போன்றவை. உங்கள் விமானத்தின் பராமரிப்புக் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே செல்லும்.

பெடலை மிதித்தால் எதெல்லாம் நகர்கிறது?

பெடல்கள் தரைக்கு அருகே குறுக்காகக் கிடக்கும் இரண்டு இரும்புக் குழாய்களில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தக் குழாய்களிலிருந்து இடப்பக்கம் ஒரு கேபிளும் வலப்பக்கம் ஒரு கேபிளும் தரைத்தகட்டுக்கு அடியில் புல்லிகள் மீது ஓடி வாலுக்குப் போகின்றன. அங்கே சுக்கானின் அடியில் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் மாட்டப்பட்டிருக்கும். கேபிளால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. அதனால்தான் இரண்டு கேபிள்கள். இதே பெடல் குழாயிலிருந்து முன்சக்கரத்துக்கும் ஒரு தண்டு போகும். பெடலின் மேல்பகுதியில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். ஆக, பெடலில் தெரியும் ஒரு கோளாறு சுக்கானில் இருக்கலாம், முன்சக்கரத்தில் இருக்கலாம், பிரேக்கிலும் இருக்கலாம்.

பறப்புக்கு முன் விமானி எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் சுக்கான் பூட்டு. வெளியே மாட்டும் பூட்டைக் கழற்ற மறந்தால் ஓடுபாதையில்தான் தெரியவரும். பிறகு கீல் போல்ட் ஒவ்வொன்றிலும் நட் இருக்கிறதா, நட் கழலாமல் பூட்டும் காட்டர் பின் விரிந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கொம்பில் கேபிள் மாட்டும் போல்ட்டுக்கும் இதே சோதனைதான். சுக்கானின் அடியில் நீர் வடியும் துளை அடைபடாமல் இருக்க வேண்டும். பின்விளிம்பை அடிப்பக்கத்தில் பிடித்து மேலும் கீழும் மெல்ல ஆட்டினால் கீல் தேய்மானம் விரலுக்குத் தெரியும். டக் டக் என்று சத்தம் வந்தால் கீலின் புஷ் (உள்வளையம்) தேய்ந்திருக்கிறது.

சுக்கானைக் கையால் முழுக்கத் தள்ளிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம். செஸ்னாவில் முன்சக்கரத் தண்டில் ஸ்பிரிங் இருப்பதால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பிஏ-28-இல் தண்டு நேரடியாகச் சக்கரத்தோடு இணைந்தது. டயர் தரையில் ஒட்டி நிற்கும்போது நீங்கள் தள்ளும் தள்ளு முழுவதும் கொம்பின் ரிவெட்டுகளில்தான் விழும்.

காக்பிட்டில் பெடலுக்குக் கீழே குனிந்து டார்ச் அடியுங்கள். பேனா, தண்ணீர் பாட்டில், சுருண்ட தரைவிரிப்பு இவை மூன்றும் பெடலைத் தடுக்கும் பழைய குற்றவாளிகள். மாஸ்டர் சிலிண்டரைச் சுற்றி சிவப்பு எண்ணெய் கசிந்திருக்கிறதா என்பதையும் அதே டார்ச்சில் பார்த்துவிடலாம்.

டாக்ஸி செய்யும்போது விமானம் சரியாகத் திரும்பினால் சுக்கானும் சரி என்று கொள்ளலாமா?

கூடாது. தரையில் விமானத்தைத் திருப்புவது முன்சக்கரம். அதற்குப் போகும் தண்டு வேறு, சுக்கானுக்குப் போகும் கேபிள் வேறு. கேபிள் இரண்டும் வாலில் மாற்றி மாட்டப்பட்டிருந்தாலும் விமானம் தரையில் ஒழுங்காகவே திரும்பும், புறப்பட்ட பிறகுதான் தலைகீழ் தெரியும். கேபிளைக் கழற்றி மாட்டிய பின் ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் வாலுக்குப் பின்னால் நின்று பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இடது பெடல், பின்விளிம்பு இடது." பல நாடுகளின் விதிகள், கட்டுப்பாட்டு அமைப்பைத் தொட்ட எந்த வேலைக்கும் இரண்டாவது நபரின் தனி ஆய்வைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. உங்கள் நாட்டில் கட்டாயம் இல்லையென்றாலும் செய்யுங்கள். வேலை செய்தவரின் கண்ணுக்குத் தன் தப்பு தெரிவது அபூர்வம்.

கேபிளை எப்படிச் சோதிப்பது?

வெளியே பளபளவென்று இருக்கும் கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கலாம். அதனால் பார்வை மட்டும் போதாது.

சிறிய விமானங்களில் அதிகம் காணப்படுவது எட்டில் ஒரு அங்குல விட்டமுள்ள 7×19 கேபிள்: ஏழு புரிகள், புரிக்குப் பத்தொன்பது இழைகள். புதிதாக இருக்கும்போது துத்தநாகம் பூசிய எஃகுக் கேபிளின் குறைந்தபட்ச முறிவு வலு 2,000 பவுண்டு, துருப்பிடிக்காத எஃகில் 1,760 பவுண்டு. இரண்டில் எது நல்லது என்று கேட்பார்கள். பூச்சுக் கேபிள் புல்லியில் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் கடற்காற்றில் துருவேறும். மற்றது துருவை எதிர்க்கும், ஆனால் புல்லி வளைவில் சீக்கிரம் தேயும். கையேட்டில் எந்த வகை இருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும்.

ஆய்வு மூடிகள், இருக்கைகள், தரைத்தகடுகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒரு பருத்தித் துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து நீளவாக்கில் மெதுவாக ஓட்டுங்கள். அறுந்த இழை துணியைப் பிடித்து இழுக்கும். வெறுங்கையால் செய்தால் விரலைக் கிழிக்கும். ஓர் ஓரத்தில் பெடல் இருக்கும்போது புல்லிக்குள் ஒளிந்திருக்கும் துண்டு, மறு ஓரத்துக்குப் போகும்போதுதான் வெளியே வரும். ஆகவே இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று நிலையிலும் ஓட்ட வேண்டும். புல்லி மேலும் ஃபேர்லீட் எனப்படும் வழிகாட்டித் துளையிலும் ஓடும் பகுதியில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றுவதுதான் முறை. வெளி இழைகள் தேய்ந்து தட்டையாகி, பக்கத்து இழையோடு ஒன்றிப்போனதுபோல் தெரிந்தால் பாதி தேய்ந்துவிட்டது என்று பொருள். அதையும் மாற்றுங்கள்.

துருச் சந்தேகம் இருந்தால் இழுவிசையைத் தளர்த்தி, கேபிளைக் கழற்றி, கையால் அகன்ற வளையமாக வளைத்துப் புரிகளைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். உள்ளேயிருந்து செம்பொடி உதிர்ந்தால் கதை முடிந்தது. பேட்டரிப் பெட்டிக்கு அருகே போகும் கேபிள், வால் கூம்பின் அடியில் தண்ணீர் தேங்கும் இடம், எலி கூடு கட்டிய இடம் இவை மூன்றையும் விடாதீர்கள். எலியின் சிறுநீர் அலுமினியத்தையும் அரிக்கும்.

கேபிளைப் பெட்ரோலிலோ கரைப்பானிலோ ஊற வைக்கக் கூடாது. உற்பத்தியின்போது உள்ளே ஏற்றிய மசகைக் கரைத்துக்கொண்டு போய்விடும். உலர்ந்த துணி போதும்.

கேபிள் முனைகளில் ஏன் உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்?

அழுத்திப் பொருத்திய எஃகு முனைகளில் 303எஸ்இ என்ற வகை எஃகு நெடுங்காலம் பயன்பட்டது. உப்பீரம் உள்ள இடத்தில், தொடர்ந்து இழுபட்டுக்கொண்டே இருக்கும்போது, அதில் நீளவாக்கில் மயிரிழை விரிசல் வரும். பைப்பர் விமானங்களின் கிடைவால் கேபிள் முனைகளில் இப்படி விரிசல் வந்ததால் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்தை மேற்பார்வையிடும் எஃப்ஏஏ 2013-இல் ஆய்வு ஆணை பிறப்பித்தது. சுக்கான் கேபிளின் முனைகளும் அதே வகையாக இருக்கலாம். லாக் வயரை (திருகு கழலாமல் கட்டும் கம்பியை) அவிழ்த்து, முனையைத் துடைத்து, பத்து மடங்கு கண்ணாடியால் சுற்றிலும் பாருங்கள். லாக் வயர் மறைத்த இடத்தில் விரிசல் இருக்கலாம் என்பதால் வயரை அவிழ்க்காமல் பார்ப்பது வீண் வேலை.

புல்லி தேய்ந்த விதத்திலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறையவே. பள்ளத்தில் கேபிளின் புரி அச்சு பதிந்திருந்தால் இழுவிசை அதிகம். ஒரு பக்கச் சுவர் மட்டும் தேய்ந்திருந்தால் புல்லி கோணலாக நிற்கிறது. ஓரிடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் பேரிங் இறுகி, புல்லி சுற்றாமல் கேபிள் அதன் மேல் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறது. புல்லியை மட்டும் மாற்றி, காரணத்தை விட்டுவிட்டால் அடுத்த ஆய்வில் அதே படம்தான். கேபிள் நழுவாமல் காக்கும் ஊசி (பின்) ஒவ்வொரு புல்லியிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள், கழற்றி மாட்டும்போது அடிக்கடி விட்டுப்போகும் சின்னப் பொருள் அது.

இழுவிசையை அளக்கும்போது வெப்பநிலையை ஏன் கேட்கிறார்கள்?

அலுமினிய உடல் எஃகுக் கேபிளைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 4 மீட்டர் நீளத்துக்கு வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் ஏறினால் உடல், சாதாரண எஃகுக் கேபிளைவிட 1.3 மில்லிமீட்டர் அதிகம் நீளும். கேபிள் அந்த அளவு இறுகும். காலையில் குளிரில் சரியாக வைத்தது மதியம் வெயிலில் நிற்கும்போது கூடியிருக்கும். விமானம் சில மணி நேரம் ஹேங்கருக்குள் நின்று எல்லாப் பாகமும் ஒரே வெப்பத்துக்கு வந்த பிறகு அளந்து, கையேட்டின் வெப்பநிலை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

டென்ஷன் மீட்டரில் கேபிள் விட்டத்துக்கு ஏற்ற தாங்கியைப் போட வேண்டும். கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் திருகும் உருளையான டர்ன்பக்கிளுக்கும் புல்லிக்கும் அருகில் அளந்தால் தப்பான எண் வரும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். சில ரகங்களில் சுக்கானுக்குத் தனி இழுவிசை எண்ணே தராமல், பெடலின் திரும்பு ஸ்பிரிங்குகளே கேபிளை விறைப்பாக வைக்கும்படி அமைத்திருப்பார்கள். அவற்றில் மீட்டரை எடுக்கும் முன் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுக்கான் ஸ்டாப்பை இவ்வளவு வலியுறுத்துவது ஏன்?

ஸ்டாப் என்பது சுக்கான் ஓரத்தைத் தாண்டாமல் தடுக்கும் முட்டு. ஆய்வுப் பட்டியலில் ஒரு வரியாக வந்து போகும் பாகம் அது, உயிரைப் பறித்ததும் அதுதான். 1998 ஜூலையில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஸ்பின் (சுழன்றபடி கீழே விழுதல்) பயிற்சியில் இருந்த ஒரு செஸ்னா 152-இன் சுக்கான் இடப்பக்க ஓரத்தைத் தாண்டிப் போய்ச் சிக்கிக்கொண்டது. எதிர்ப்பெடல் அதை விடுவிக்கவில்லை. கொம்பில் உள்ள தகடு, உடலில் உள்ள ஸ்டாப் போல்ட்டின் தலையில் முட்டி நிற்பதற்குப் பதிலாக அதைத் தாண்டிப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. 2009-இல் எஃப்ஏஏ, 150 மற்றும் 152 ரகங்களுக்கு ஆணை போட்டது: திருத்திய ஸ்டாப் கிட்டைப் பொருத்துங்கள், அல்லது ஸ்பின் உள்ளிட்ட வித்தைப் பறத்தலைத் தடைசெய்யும் அறிவிப்பைக் காக்பிட்டில் ஒட்டுங்கள். உங்கள் விமானம் அந்த ரகமானால் இரண்டில் எது செய்யப்பட்டிருக்கிறது என்று பதிவேட்டில் தேடுங்கள்.

எந்த ரகமாயினும் செய்ய வேண்டியது இது. ஒருவர் இடது பெடலை ஓரம் வரை மெதுவாக மிதித்துப் பிடிக்கட்டும். நீங்கள் வாலின் அடியில் டார்ச்சோடு உட்கார்ந்து தொடுமிடத்தைப் பாருங்கள். தகடு போல்ட் தலையின் நடுவில் படிய வேண்டும். விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அது நாளைக்குத் தாண்டும். பிறகு பெடலை இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொல்லுங்கள். ஸ்டாப் தாங்கும் தகடு வளைகிறதா? தொடுமிடத்துக்கு அப்பால் புதிதாகப் பளபளக்கும் கீறல் இருக்கிறதா? இருந்தால் அது ஏற்கனவே ஒருமுறை தாண்டியிருக்கிறது என்று கொள்ளுங்கள். போல்ட்டின் ஜாம் நட் இறுக்கமா, ரப்பர் தாங்கி இருந்தால் அது சரியான பக்கம் மாட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வலது பக்கம் மீண்டும் முழுச் சோதனை. ஒரு பக்கம் பார்த்து மறுபக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று எழுதிவிடுவது வசதி, ஆனால் ஸ்டாப் இரண்டும் தனித்தனி.

கோணமானி இல்லாமல் சுக்கான் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்க முடியுமா?

முடியும். கீல் கோட்டிலிருந்து பின்விளிம்பு வரை, கீலுக்குச் செங்குத்தாக அளந்த அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டால் பெருக்கி, கோணத்தில் பாதியின் சைன் மதிப்பால் பெருக்கினால் பின்விளிம்பு நகரவேண்டிய நேர்த்தூரம் வரும். செஸ்னா 172-இன் சாய்ந்த வாலில் கீலுக்குச் செங்குத்தாக அளந்தால் 17 டிகிரி 44 நிமிடம், ஒரு டிகிரி கூடக் குறையலாம். அகலம் 40 செ.மீ. என்று வைத்தால் 12.3 செ.மீ. நகர வேண்டும். ஒரு டிகிரி பிழை என்பது 7 மில்லிமீட்டர்.

ஒரு பொறி இங்கே உண்டு. அதே 172-க்குத் தரைக்கு இணையாக அளந்தால் 16 டிகிரி 10 நிமிடம் என்று இன்னொரு எண்ணும் இருக்கிறது. கீல் சாய்ந்திருப்பதால் இரண்டும் ஒரே அசைவுதான். ஒரு முறையில் அளந்து மறுமுறையின் எண்ணோடு ஒப்பிட்டால், சரியாக இருந்த ஸ்டாப்பைத் திருகிக் கெடுத்துவிடுவீர்கள். பைப்பர் பிஏ-28 செரோக்கியில் இருபுறமும் 27 டிகிரி, இரண்டு டிகிரி கூடக் குறைய.

புதிய கேபிள் போட்ட பின் சரிசெய்யும் வரிசை என்ன?

வால் பக்கம் கட்டி இறக்கி முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். கையேடு சொன்னால் முன்சக்கரத் தண்டைக் கழற்றிவிடுங்கள். இடது, வலது பெடல்களை ஒரே நேர்கோட்டில் ஒரு மரச்சட்டத்தால் இறுக்கிக் கட்டுங்கள். அடுத்து டர்ன்பக்கிள்கள்: சுக்கான் நடுவில் வராவிட்டால் ஒன்றை இறுக்கும் அளவே மற்றதைத் தளர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் திருகினால் நடுவும் போகும், இழுவிசையும் போகும். நடு சரியான பின் இழுவிசை, அதன் பின் ஸ்டாப் போல்ட்டுகளால் இருபுறக் கோணம். முன்சக்கரத் தண்டைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும். அதன் நீளத்தைச் சக்கரம் நேராக நிற்கும்படி வைத்து இணையுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்கள் பெடல் கோணலாக நிற்பதை மறைக்கச் சுக்கானின் சின்ன டிரிம் தகட்டை வளைத்துவைப்பார்கள். பறக்கும்போது விமானம் நேராகப் போகும், பெடல் மட்டும் ஒரு பக்கம் முன்னால் நிற்கும். பழைய விமானத்தில் தகடு வழக்கத்துக்கு மீறி வளைந்திருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

டர்ன்பக்கிளை எப்படிப் பூட்டுவது?

உருளையின் இருபுறமும் வெளியே தெரியும் மரை மூன்றுக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் தெரிந்தால் உள்ளே பிடிப்பு போதாது. லாக் வயர் சுற்றினால் ஒவ்வொரு முனையிலும் கழுத்தைச் சுற்றிக் குறைந்தது நான்கு சுற்று. கிளிப் வகை உருளையில் கிளிப்பைப் போட்டு, கொக்கி துளைக்குள் விழுந்துவிட்டதா என்று விரலால் வெளியே தள்ளிப் பார்க்க வேண்டும். தண்டு முனையான ராட் எண்டில் சோதனைத் துளை இருந்தால் அதில் லாக் வயரை விட்டுப் பாருங்கள். வயர் உள்ளே போய்விட்டால் மரை போதிய ஆழம் இறங்கவில்லை.

கீல் போல்ட்டில் நைலான் லாக் நட் போடலாமா?

பாகம் சுழலும் போல்ட்டில் போடக் கூடாது. பாகம் அசைய அசைய போல்ட்டும் கூடச் சுழன்று நட்டைக் கழற்றிவிடும். அங்கே துளையிட்ட போல்ட், பள்ளம் வெட்டிய கேஸ்டில் நட், காட்டர் பின் என்ற மூன்றும்தான். 3/16 அங்குல போல்ட்டில் மெல்லிய கேஸ்டில் நட்டுக்குப் பொதுவான முறுக்கு 12 முதல் 15 அங்குல-பவுண்டு. தடித்த நட்டுக்கு 20 முதல் 25. துளை பொருந்தவில்லையென்று மிதமிஞ்சி முறுக்காதீர்கள், வாஷரை மாற்றுங்கள். காட்டர் பின் ஒருமுறைக்கு மட்டும். போல்ட் தலை, கையேடு வேறு சொல்லாவிட்டால், மேலே அல்லது முன்னே பார்த்து இருக்கட்டும். நட் விழுந்தாலும் போல்ட் இடத்தில் நிற்கும்.

சுக்கானுக்குப் பெயிண்ட் அடித்தால் ஏன் எடை சமன் பார்க்க வேண்டும்?

பெயிண்ட் பெரும்பாலும் கீலுக்குப் பின்னால்தான் சேர்கிறது. பின்பக்கம் கனத்தால் வேகத்தில் சுக்கான் தானே படபடக்கத் தொடங்கும். அந்த ஃபிளட்டர் சில நொடிகளில் வாலையே பிய்த்துவிடக்கூடும். பழைய பெயிண்டைச் சுரண்டாமல் மேலே அடுக்குவது, தகடு ஒட்டுப் போடுவது, உள்ளே தண்ணீர் தேங்குவது எல்லாம் ஒரே வகைக் குற்றம். கழற்றி, கீலில் தொங்கவிட்டு, கையேட்டின் எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.

எதற்கு எண்ணெய், எதற்கு வேண்டாம்?

கையேட்டின் மசகு வரைபடத்தைப் பாருங்கள். மூடிய பேரிங் உள்ள புல்லிக்கு எண்ணெய் விடக் கூடாது. கேபிளில் கிரீஸ் பூசினால் தூசி ஒட்டி அரத்தூள் பசையாகிவிடும்.

பெடலில் உணரும் கோளாறுகளுக்கு என்ன பொருள்?

ஒரு பெடல் மட்டும் தளர்வாக இருந்தால் திரும்பு ஸ்பிரிங் கழன்றிருக்கலாம், அல்லது குழாயின் பற்றவைப்பில் விரிசல். பெயிண்டில் மெல்லிய கோடும் அதன் ஓரம் துருக்கறையும் தெரிந்தால் அது விரிசலேதான், கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக் குழாயின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பெடல் கனமாக இருந்தால் முன்சக்கரத் தண்டைக் கழற்றி மீண்டும் மிதியுங்கள். இலகுவானால் கோளாறு சக்கரத்தில், இல்லையென்றால் புல்லியிலோ கீலிலோ. தரையிறங்கும் ஓட்டத்தில் மட்டும் பெடல் நடுங்கினால், முன்சக்கர நடுக்கத்தை அடக்கும் ஷிம்மி டாம்பரைப் பாருங்கள். காற்றில் நடுங்கினால் அது வேறு விஷயம்: வேகத்தைக் குறைத்து இறங்குங்கள், கீலும் எடைச் சமனும் பார்க்கும் வரை பறக்க வேண்டாம்.

பலத்த காற்றில் விமானம் பூட்டில்லாமல் நின்றுவிட்டது. பார்வையிட்டால் போதுமா?

போதாது. காற்று சுக்கானை ஸ்டாப்பில் நூற்றுக்கணக்கான முறை அடித்திருக்கும். பக்கத்தில் வேறொரு விமானத்தின் எஞ்சின் காற்று வீசியிருந்தாலும் இதே கதைதான். வால் கூம்பின் மூடிகளைத் திறந்து ஸ்டாப் தாங்கி, கொம்பின் ரிவெட்டுகள், அடிக்கீலைச் சுற்றிய தகடு, கேபிள் முனைகள், பெடல் குழாய் எல்லாம் பார்க்க வேண்டும். ரிவெட்டைச் சுற்றிக் கருப்புத் தூள் கசிந்திருந்தால் அது ஆடிக்கொண்டிருக்கிறது.

இதில் உரிமையாளரே செய்துகொள்ளக்கூடியது எது?

பார்ப்பது, துடைப்பது, வடிகால் துளையைத் திறப்பது, மூடியைக் கழற்றாமல் எட்டும் இடத்துக்கு எண்ணெய் விடுவது. கேபிள் இழுவிசை, ஸ்டாப், டர்ன்பக்கிள், கீல் போல்ட் இவற்றைத் தொடுவது உரிமம் பெற்ற பொறியாளரின் வேலை. அவர் முடித்துக் கையெழுத்திட்ட பிறகும், முதல் பறப்புக்கு முன் இன்னொருவரை வாலுக்குப் பின்னால் நிறுத்திப் பெடலை ஓரத்திலிருந்து ஓரம் மிதித்துப் பாருங்கள்.